கோட்டிங்கன் போன கதை

ஜெர்மனியில் கோட்டிங்கன் என்கிற ஊருக்கு நாலு நாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, "கோட்டிங்கா? பெயிண்ட் கம்பெனியாடா?" என்றாள்.

மனைவி அதற்கு ஒரு படி மேலே. "ஒர்க்‌ஷாப்னா கையெல்லாம் கிரீஸ் ஆகுமே. பழைய சட்டையா நாலு எடுத்து வைக்கட்டுமா?"

தமிழில் அழகாகப் 'பட்டறை' என்று சொல்லிப் பார்த்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. பக்கத்து வீட்டு மாமா என்னை ஒரு கொல்லனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸ் பழைய ஓலைச்சுவடிகளைப் படம் பிடித்து, அதில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டரே படிக்கும்படி செய்கிற வேலையும் பார்க்கிறது. சம்பளத்துக்குப் பணம் வருவதென்னவோ மளிகைக் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேரில்தான். சுவடி வேலை கௌரவத்துக்கு. அந்தக் கௌரவத்தைக் கேள்விப்பட்டு எங்கோ ஜெர்மனியில் நாலு பேராசிரியர்கள் கூடி, ஒரு ஆளை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசில் மூன்று பெயர் கொண்ட பட்டியல் தயாராயிற்று. முதல் ஆளுக்கு மகள் கல்யாணம். இரண்டாவது ஆளுக்கு பாஸ்போர்ட் காலாவதி. மூன்றாவது ஆள் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

புறப்படுகிற அன்று சாயங்காலம் பர்சனலில் இருந்து ஒரு ஃபைல் வந்தது. ஆறு பேரை இன்டர்வியூ செய்திருந்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்கள். ஐந்து பேருக்குப் போட்டேன். ஆறாவது, விருதுநகர்ப் பக்கத்துப் பையன். டெஸ்ட்டில் நல்ல மார்க். ஆனால் 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்கிற கட்டத்தில் 'நீக்கப்பட்டேன்' என்று நேர்மையாக எழுதித் தொலைத்திருந்தான். இன்டர்வியூவில் அதைப் பற்றி என்னவோ விளக்கம் சொன்னான். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாம்னு ஒதுக்கின தோசைய நாம ஏன் சார் எடுத்துத் தின்னணும்?" என்றேன் சத்தமாக. எல்லோரும் சிரித்தார்கள். ரிமார்க்ஸ் கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன்.

இந்த தோசையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வேக ரயில் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கோட்டிங்கன். நம் கும்பகோணத்தை விடக் கொஞ்சம் சின்ன ஊர். ஜனத்தொகை லட்சத்துச் சொச்சம். அதில் இருபதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். ஊரின் பிரதான தொழில் படிப்பது. உபதொழில் சைக்கிள் விடுவது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் சைக்கிள்களைப் பார்த்தால் ஆளுக்கு இரண்டு வைத்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும்.

முதல் நாள் ராத்திரி பத்தரை மணி. ரூமுக்கு நடந்து வருகிறேன். ஒரு சின்ன ரோடு, சிவப்பு சிக்னல். இடப்பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு வண்டி இல்லை. வலப்பக்கம் ஒரு பூனைகூட இல்லை. எனக்கு முன்னால் ஒரு கிழவர் பச்சை விழுவதற்காக அமைதியாக நின்றுகொண்டிருந்தார். மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நீச்சலடித்துப் பழகிய கால்கள் எனக்கு. தானாகவே இறங்கிவிட்டன. கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். இறங்கிய கால்கள் தானாகவே மேலே ஏறிவிட்டன. இரண்டு பேரும் ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு பக்தியோடு நின்றோம்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப். இதற்கு முன் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் பூராவும் இதன் அமைப்பு ஒன்றுதான். கழுத்தில் பெயர் அட்டை. அதில் உங்கள் இனிஷியல்தான் பெயர், பெயர்தான் அப்பா. இருபது நிமிஷம் என்று சொன்ன பேச்சு உங்கள் முறை வரும்போது பன்னிரண்டு நிமிஷமாகியிருக்கும், முன்னால் பேசியவர் உங்கள் எட்டைச் சாப்பிட்டிருப்பார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்கி, போன வருஷம் தான் பேசியதை முழுக்கப் பேசுவார். உண்மையான விவாதம் எல்லாம் காப்பி மெஷின் பக்கத்தில்தான் நடக்கும்.

சாப்பாடு மாணவர் கேன்டீனில். நான் சைவம் என்றதும் உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். மறுநாள் வேறு ஏதாவது என்று கேட்டேன். வேறு மாதிரி வெட்டிய உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். மனைவி பழைய சட்டைக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்த பருப்புப் பொடி பாக்கெட்டை அன்று ராத்திரி கண்டுபிடித்தபோது கண் கலங்கிவிட்டது.

என் பேச்சு சுவடி எழுத்தைப் பற்றி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப் போகும். அதனால் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். 'க' என்று இருந்தால் அது 'க'வாகவும் இருக்கலாம், 'க்' ஆகவும் இருக்கலாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே ஜாடை.

"அப்படியானால் எப்படித்தான் படித்தார்கள்?" என்று கேட்டார் முன் வரிசையில் இருந்த ஒரு வெள்ளைத் தாடி.

"ஒரு எழுத்தைத் தனியாகப் பார்த்துப் படிக்க மாட்டார்கள் சார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்த்துத்தான் இது என்ன எழுத்து என்று முடிவு செய்வார்கள். கம்ப்யூட்டருக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறோம்" என்றேன். தாடி தலையாட்டியது. நல்ல பதில் சொன்ன திருப்தியில் அன்றைக்கு இரண்டு உருளைக்கிழங்கு அதிகம் சாப்பிட்டேன்.

*

மூன்றாம் நாள் மத்தியானம் லீவு. ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு பையனை அனுப்பினார்கள். பௌதிகத்தில் ஆராய்ச்சி மாணவன், வங்காளி. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழக ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு வங்காளி முன்னாலேயே போய் மீன் கடை எங்கே என்று தெரிந்துவைத்திருப்பார்.

முதலில் பழைய டவுன்ஹால் வாசல். அங்கே ஒரு நீரூற்று. நடுவில் வாத்துகளோடு ஒரு வெண்கலப் பெண் குட்டி. 1901-ல் வைத்தது. இந்த ஊரில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் நேராக இங்கே வந்து, மேலே ஏறி, அவளுக்குப் பூக்கொத்து கொடுத்து ஒரு முத்தமும் கொடுக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் 1926-ல் முத்தத்துக்குத் தடை போட்டார்கள். தடை அது பாட்டுக்கு இருந்தது, முத்தம் அது பாட்டுக்கு நடந்தது. சிவப்பு சிக்னலுக்கு நிற்கிற ஊரிலேயே இந்த ஒரு சட்டத்தை மட்டும் யாரும் மதிக்கவில்லை என்பது மனித குலத்தின் மீது நம்பிக்கை தருகிறது.

"நீ எப்போ?" என்றேன்.

"கைடு சம்மதிக்கணும் சார்" என்றான் பெருமூச்சோடு. பெண்ணைப் பெற்றவர் சம்மதத்துக்குக் காத்திருப்பவன் மாதிரியே சொன்னான்.

டவுன்ஹாலின் நிலவறையில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. கோட்டிங்கனுக்கு வெளியே வாழ்க்கை கிடையாது, அப்படியே இருந்தாலும் இந்த மாதிரி கிடையாது என்று அர்த்தம். தஞ்சாவூர்க்காரர்கள் இதையே லத்தீன் இல்லாமல் சொல்வார்கள்.

அப்புறம் வீடுகள். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு சலவைக்கல் பலகை. இன்னார் இன்ன வருஷம் இந்த வீட்டில் குடியிருந்தார் என்று. இப்படி நூற்றுக்கணக்கில். எங்கள் மாம்பலத் தெருவில் சுவரில் இருக்கும் ஒரே பலகை 'நாய்கள் ஜாக்கிரதை'.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1737-ல். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜுக்கு ஜெர்மனியில் ஹனோவரும் சொந்தம். அவர் பெயரில்தான் பல்கலைக்கழகம். கணித மேதை காஸ் 1807-லிருந்து 1855-ல் சாகும்வரை இங்கேதான் இருந்தார். அவரும் பௌதிகப் பேராசிரியர் வெபரும் 1833-ல் ஊரின் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து, சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தந்தி அடித்தார்கள். கொடிக்கம்பியில் துணி காயப் போடுவார்கள், இவர்கள் செய்தி காயப் போட்டார்கள். யூரோ வருவதற்கு முன்னால் ஜெர்மனியின் பத்து மார்க் நோட்டில் இந்த காஸ்தான் இருந்தார், கூடவே பரீட்சையில் நம்மையெல்லாம் படுத்திய அந்த மணி மாதிரி வளைகோடும். கணக்கு வாத்தியாரை நோட்டில் போடுகிற தேசம்!

ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் இங்கே 1832-ல் சட்டம் படிக்க வந்தார். படித்ததைவிட கலாட்டா செய்தது அதிகம். மாணவர்களைப் போட்டு அடைக்கப் பல்கலைக்கழகமே ஒரு ஜெயில் வைத்திருந்தது. அதில் சில நாட்கள் இருந்தார். கடைசியில் ஊர் மதிலோடு ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். அந்த வீட்டைப் பிற்பாடு மியூசியமாக்கி, அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

"இந்த ஊர் அப்படித்தான் சார். முதல்ல துரத்தும். அப்புறம் பலகை வைக்கும்" என்றான் வங்காளி.

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தின் நடு வளாகத்துக்குக் கூட்டிப் போனான். அந்த இடத்துக்குப் பெயர் 'கோட்டிங்கன் எழுவர் சதுக்கம்'. 1837-ல் புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராஜா, நாட்டின் அரசியல் சட்டத்தை ஒரே கையெழுத்தில் தூக்கிப் போட்டார். அது தப்பு என்று ஏழு பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தந்தி அடித்த வெபர் அதில் ஒருத்தர். தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்கள் இரண்டு பேர். ஏழு பேருக்கும் சீட்டைக் கிழித்தார்கள். அதில் மூத்த கிரிம் உட்பட மூன்று பேர் மூன்று நாளைக்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவு. இன்றைக்கு லைப்ரரிக்கும் கேன்டீனுக்கும் போகிற பிள்ளைகள் அந்த ஏழு பேர் பெயரில் உள்ள சதுக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

"இது ஏழு பேர் சார். அடுத்தது ரொம்பப் பெரிசு. வாங்க, நடந்தே போகலாம்" என்றான்.

*

சுற்றுலா என்று கூட்டி வந்தவன் கடைசியில் என்னைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போனான். ஊரின் மேற்கே உள்ள நகராட்சி இடுகாடு. நல்ல மரங்கள், ஒரு சின்னக் குளம், பெஞ்சு. நம் ஊரில் இவ்வளவு லட்சணமாக இருந்தால் பார்க் என்று சொல்லிக் கட்டணம் வசூலிப்பார்கள். இந்த ஒரே இடுகாட்டில் எட்டு நோபல் பரிசுக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். எட்டு! மாக்ஸ் பிளாங்க் கல்லில் அவர் பெயரும், கீழே அவர் கண்டுபிடித்த எண்ணும். ஓட்டோ ஹான் கல்லில் அணுவைப் பிளந்த சமன்பாடு. 'ரிட்டயர்டு', 'பி.ஏ.பி.எல்.' எதுவும் கிடையாது. ஒரு மனுஷனின் வாழ்நாள் வேலை ஒரு வரியில்.

கணிதத்தில் அந்தக் காலத்தின் பெரிய தலை டேவிட் ஹில்பர்ட்டும் இங்கேதான். அவர் எம்மி நோதர் என்கிற பெண்மணியை 1915-ல் இங்கே அழைத்து வந்தார். பெண் என்பதால் நாலு வருஷம் அவருக்குச் சொந்தப் பெயரில் பாடம் நடத்த அனுமதி இல்லை. அறிவிப்புப் பலகையில் ஹில்பர்ட் பெயர், உள்ளே போய் பாடம் நடத்தியது நோதர். இன்றைக்குப் பௌதிகம் படிக்கிறவர்கள் யாரும் அவர் தேற்றத்தைத் தாண்டாமல் போக முடியாது.

கடைசியாக வங்காளி ஒரு கல்லின் முன்னால் போய் நின்றான். மாக்ஸ் பார்ன். பெயருக்கு மேலே ஒரு சமன்பாடு. பீக்யூ மைனஸ் க்யூபி என்று தொடங்குகிறது. நாம் படித்த கணக்கில் மூவைந்தும் பதினைந்து, ஐமூன்றும் பதினைந்து, கழித்தால் சைபர். அணுவுக்குள்ளே போனால் கழித்தால் சைபர் வராது, ஒரு துளி மிச்சம் இருக்கும் என்கிறது அந்த வரி. குவாண்டம் கணக்கு முழுக்க அந்தத் துளியில்தான் நிற்கிறது.

1921-லிருந்து இங்கே பேராசிரியர். ஹைசன்பர்க்கும் பாலியும் அவருக்கு உதவியாளர்களாக இருந்தவர்கள். அணுகுண்டு ஓப்பன்ஹைமர் 1927-ல் டாக்டர் பட்டம் வாங்கியது இவரிடம். நம் சந்திரசேகர், அதாவது நட்சத்திரங்களின் எடைக்கு வரம்பு கட்டிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1931 கோடை விடுமுறையில் இவருடைய இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்திருந்தார். வாலிப நண்பர்களுக்காக ஒரு உபரித் தகவல்: 'கிரீஸ்' படத்தில் ஆடிப் பாடி 1978-ல் ஒரு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்த ஆலிவியா நியூட்டன்-ஜான் இவருடைய பேத்தி. அம்மா வழியில்.

1933 ஏப்ரலில் ஹிட்லர் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. யூதர்கள் அரசாங்க வேலையில் இருக்கக் கூடாது. அந்த மாதமே பார்ன், நோதர், கணிதத் துறையைக் கட்டி எழுப்பிய கூரான்ட் எல்லோருக்கும் வேலை போயிற்று. பார்ன் தன் பெயரை நியூஸ் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஜேம்ஸ் ஃபிராங்க் என்று இன்னொரு நோபல்காரர். முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டவர் என்பதால் அவருக்கு விலக்கு உண்டு. 'எனக்கு அந்தச் சலுகை வேண்டாம்' என்று பகிரங்கமாக ராஜினாமா செய்தார். ஊரில் மற்ற பேராசிரியர்கள் என்ன செய்திருப்பார்கள்? 42 பேர் சேர்ந்து அறிக்கை விட்டார்கள், ஃபிராங்க் செய்தது தப்பு என்று.

நூற்றாண்டுக்கு முன்னால் ஏழு பேர் ராஜாவை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட அதே ஊர்.

அடுத்த வருஷம் கல்வி மந்திரி ஒரு விருந்தில் ஹில்பர்ட்டிடம், "யூதர்கள் போனபிறகு கோட்டிங்கனில் கணிதம் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தாராம். "கணிதமா? அது இங்கே இல்லையே" என்றாராம் கிழவர். இப்படி ஒரு கதை சொல்கிறார்கள். 1737-லிருந்து செங்கல் செங்கல்லாகக் கட்டியதைக் காலி செய்ய ஒரு சில மாதங்கள் போதுமானதாக இருந்தது.

"அட பாவிங்களா" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"இருங்க சார். உங்க ஊர்க் கதை இனிமேத்தான்" என்றான் வங்காளி.

*

பெங்களூர். இந்திய விஞ்ஞானக் கழகம். 1933-லிருந்து டைரக்டர் சர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்தவர், சந்திரசேகருக்குச் சித்தப்பா. ஜெர்மனி குப்பையில் போடுகிறது, நாம் வாரிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் இந்தியாவில் உட்கார்ந்து யோசித்தவர் அவர். பார்ன் அப்போது கேம்ப்ரிட்ஜில் தற்காலிக வேலையில் இருந்தார். ராமன் கூப்பிட்டார். 1935 கடைசியில் பார்ன் மனைவியோடு பெங்களூர் வந்து ஆறு மாதம் போல இருந்தார். ஊர் பிடித்திருந்தது. இவருக்கு இங்கேயே நிரந்தரமாக ஒரு பேராசிரியர் பதவி கொடுத்துவிட வேண்டும் என்று ராமன் துடித்தார்.

கூட்டம் போட்டார்கள். ராமன் பார்னை வானளாவப் புகழ்ந்து பேசினார். பார்னும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர் எழுந்தார். சொந்த நாட்டிலேயே துரத்தப்பட்ட இரண்டாந்தர ஆசாமி நமக்கு எதற்கு என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

பார்ன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுதுவிட்டதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

பதவி கிடைக்கவில்லை. 1936-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போய்விட்டார். பெங்களூருக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஸ்காட்லாந்துக்குப் போயிற்று. 1953-ல் கோட்டிங்கன் நகரம் பார்ன், ஃபிராங்க், கூரான்ட் மூன்று பேரையும் கௌரவக் குடிமக்களாக்கியது. 1954-ல் பார்னுக்கு நோபல் பரிசு. 1970-ல் கோட்டிங்கனிலேயே காலமாகி, இதோ இந்தக் கல்லுக்குக் கீழே.

"துரத்தினவங்க தப்பு பண்ணினாங்க, அது எல்லாருக்கும் தெரியும்" என்றான் வங்காளி. "துரத்தினவங்க பேச்சை சர்டிபிகேட்டா எடுத்துக்கிட்டவங்களைப் பத்தி யாரும் பேசறதில்ல சார்."

எனக்கு தோசை ஞாபகம் வந்தது.

விருதுநகர்ப் பையன் ஒன்றும் மாக்ஸ் பார்ன் இல்லை. அது எனக்குத் தெரியும். நானும் பெங்களூர் பேராசிரியர் இல்லை, மளிகை பில் சாஃப்ட்வேர் ஆசாமி. ஆனால் வாக்கியம் ஒன்றுதானே? வார்த்தைக்கு வார்த்தை அதே வாக்கியம். அவர் விறைப்பாகச் சொன்னார், நான் தோசை போட்டுச் சொன்னேன். முதல்நாள்தான் வெள்ளைத் தாடியிடம் அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தேன், ஒரு எழுத்தைத் தனியாகப் பார்த்துப் படிக்கக் கூடாது என்று. கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருகிறேனாம்!

அன்று டீ வந்தபோது அவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான்? மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழுந்தது. "பிரிவையே மூடிட்டாங்க சார். நாப்பது பேரையும்..." அதற்குள் நான், "சர்க்கரை கம்மியா" என்று டீக்காரப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடுகாட்டுக்குள் போன் பேசுவது மரியாதை இல்லை என்று வெளியே கேட்டுக்கு வந்து ஆபீசுக்கு அடித்தேன். அங்கே மத்தியானம் இரண்டரை, சென்னையில் மாலை ஆறு. பர்சனலில் அந்த அம்மா இன்னும் இருந்தார்.

"அந்த ஆறாவது ஃபைல் இருக்கில்லம்மா, அதை நிறுத்தி வைங்க. நான் வந்து மறுபடி பார்க்கறேன்."

"அய்யோ சார், நீங்க கையெழுத்துப் போட்ட மறுநாளே லெட்டர் போயிடுச்சே. நாங்கதான் இப்பல்லாம் ரொம்ப ஃபாஸ்ட் ஆச்சே!"

வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் ஆபீஸ் ஒரு வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்திருக்கிறது.

*

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அவனுக்கு நானே போன் செய்தேன். யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு விநாடி மௌனம்.

"சொல்லுங்க சார்."

"தம்பி, அன்னிக்கு இன்டர்வியூல நீங்க சொன்னதை நான் சரியா கேக்கல. மறுபடி ஒருதரம் வந்துட்டுப் போக முடியுமா?"

"ரொம்ப தேங்க்ஸ் சார். போன திங்கக்கிழமைதான் கோயம்புத்தூர்ல ஒரு எடத்துல சேர்ந்தேன். அங்கேயும் அதே கேள்விதான் கேட்டாங்க, ஏன் நீக்கினாங்கன்னு. சொன்னேன். 'சரி, எப்ப சேர்றீங்க?'ன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்." அப்புறம், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "உங்க ஆபீஸ்ல டீ நல்லா இருந்துச்சு சார்" என்றான். நல்ல பையன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, எங்களுக்கு வந்திருக்க வேண்டியவன் தன் எடின்பரோவுக்குப் போய்விட்டான். கோயம்புத்தூர் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் பர்சனலுக்குப் போய், விண்ணப்பத்தில் 'முந்தைய வேலையை விட்ட காரணம்' என்கிற கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுக்க முடியாது சார். ஐயாயிரம் ஃபார்ம் பிரிண்ட் பண்ணி வெச்சிருக்கோம்."

ஐயாயிரம் ஃபார்மும் தீர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். இன்டர்வியூ முடியும்வரை ரூமுக்குள் டீ கொண்டுவரக் கூடாது.

ஜெர்மனியிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்ட மனைவியிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? எதிராளி பேசும்போது காது குடுங்கன்னு நான் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

சொல்லியிருப்பாள். அப்போது எதற்கோ டீ வந்திருக்கும்.